ஐந்தாம் வகுப்பில் அடித்த தோல் வாடை

மாடி வீட்டுப் பெண் போன மார்கழியில் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். "பாட்டி, பச்சைக் கற்பூரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சோன்னு சந்தேகமா இருக்கு. மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள். கிண்ணத்தை மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷமாகவே எனக்கு வாசனை தெரிவதில்லை. தில்லை நகர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயசானால் இப்படித்தான், மருந்து வேண்டாம் என்றார். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் என்னை அடுப்புக்கிட்டே விடமாட்டார்கள். "அளவாத்தான்மா இருக்கு" என்றேன். அவள் சந்தோஷமாகப் படியேறிப் போனாள்.

பச்சைக் கற்பூரத்தைப் பற்றி என்னிடம் கேட்டாளே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சின்ன வயசில் என் கையே அதில்தான் ஊறிக்கிடந்தது.

அதற்கு முன்னால் எங்கள் அத்தா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஊருக்கு வெளியே ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு, மயிர் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் போட்டு எடுக்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அத்தா என்றால் அந்த வாசனை என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு நாற்றம் என்று பேர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், பெண்பிள்ளைகளுக்கு மட்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே கூடம். நான் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருத்தி, "தோலு வந்திருச்சு, ஜன்னலைத் தொறங்கடி" என்பாள். மற்றவர்கள் கையால் மூக்கைப் பொத்துவார்கள். டீச்சரம்மா நல்லவர்தான், அடித்ததே இல்லை. "நீ இப்படி காத்தோட்டமா உக்காரும்மா" என்று ஜன்னலோரத்தில் தனியாக ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் வெளிச்சம் பட்டு போர்டு பாதி தெரியாது. காதால் கேட்டு மனசில் போட்டுக்கொண்டேன். அதனாலேயே எனக்குப் பாடம் எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

நான் மூன்றாவது படிக்கும்போது சுண்ணாம்பு அத்தாவின் காலை அரித்துவிட்டது. அந்த வேலையை விட்டுவிட்டார். அவருடைய மச்சான் பெரிய கடை வீதியில் வாசனைச் சாமான் கடை வைத்திருந்தார், அங்கே சேர்ந்துகொண்டார். ஜவ்வாது, புனுகு, குங்குமப்பூ, பச்சைக் கற்பூரம். காலையில் எழுந்ததும் அம்மாவும் நானும் கற்பூரத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுவோம். காற்றில் கரையாமல் இருக்க ஒவ்வொன்றிலும் இரண்டு மிளகு போடவேண்டும். அது என் வேலை. பாதிப் பொட்டலம் ஸ்ரீரங்கத்துக்குப் போகும். "நம்ம கையால கட்டினதுதான் பெருமாளுக்குப் போவுது" என்று சொல்வதில் அத்தாவுக்கு ஒரு மிதப்பு.

அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடம் போவேன். ஆனாலும் "தோலு வந்திருச்சு" நிற்கவில்லை. ஜன்னலோரப் பலகையும் நகரவில்லை. எங்க அத்தா இப்போ அந்த வேலையில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், இன்றைக்கும் அப்படித்தான். சீயக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவேன். வழியெல்லாம் ரவிக்கைக் கையை மோந்து பார்ப்பேன். சில நாள் எனக்கே தோல் வாடை அடித்தது.

ஐந்தாம் வகுப்பு முடிகிற வருஷம். யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னே என்று வையுங்கள். இன்ஸ்பெக்டர் அம்மா வரப்போகிறார், அவர் முன்னால் நன்றாக வாசிக்கிற பெண்ணை மேல்பள்ளிக்குச் சிபாரிசு செய்வார் என்று டீச்சரம்மா சொன்னார். எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவர்கள் இரண்டே பேர். நானும் ரங்காவும். ரங்காவின் தாத்தாவுக்கு ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யம். அவள் அப்பா உத்தியோகத்துக்காகக் கோட்டைக்குள்ளே குடியிருந்தார். வீட்டில் வந்து சொன்னேன். அத்தா யோசித்துவிட்டு, "அந்த இன்ஸ்பெக்டரம்மா வாயால சொன்னா அனுப்புறேன். நானாப் போயி யாருகிட்டயும் கேக்கமாட்டேன்" என்றார். எனக்கு மேலே படிக்கவேண்டும். அதற்கு அந்த ஒரு நாள்தான் வழி.

இன்ஸ்பெக்டர் அம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடித்ததால் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டார்கள். என் பலகை நனைந்துபோனதால் டீச்சரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு ரங்காவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். பாடம் சொல்லிக்கொண்டிருந்த டீச்சரம்மா பாதியில் நிறுத்தி மூச்சை இழுத்தார். "என்னது, கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி மணக்குது" என்றார். பிள்ளைகளும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மோந்து பார்த்தார்கள். டீச்சரம்மா எங்கள் பக்கம் வந்தார். என்னைத் தாண்டி ரங்காவின் தலைமேல் கையை வைத்தார். "ரங்கா, ஸ்ரீரங்கம் போயிட்டு வந்தியா? உன்னோடயே வந்திருக்கே வாசனை."

டீச்சரம்மா திரும்பிப் போனதும் ரங்கா என் காதருகில் குனிந்து, "ஏண்டி, இது உன் கைதானே? நான் ஸ்ரீரங்கத்துக்கே போகலை. சொல்லட்டுமா?" என்றாள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு கையையும் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். என் மேல் ஒரு வாசனை என்று பேச்சு வந்தாலே அது அசிங்கம் என்று பழகிப்போயிருந்தது, நல்ல வாசனையாக இருந்தாலும்.

மழை விட்டது, ஜன்னலைத் திறந்தார்கள். "நீ உன் எடத்துக்குப் போம்மா" என்றார் டீச்சரம்மா. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடும்போது என்னை மட்டும் நிறுத்தி, மெதுவாகத்தான் சொன்னார்: "அந்தம்மா வர்ற அன்னிக்கு நீ வராட்டியும் பரவாயில்ல. சின்னக் கூடம், வெளியூர்லேர்ந்து வர்றவங்க, முகம் சுளிச்சா நமக்குத்தானே கஷ்டம்."

அந்த நாளில் நான் வீட்டில் மிளகு போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னிக்குத்தானே அந்தம்மா வர்றாங்க?" என்றார் அத்தா. தலைவலி என்றேன். அவர் கட்டிய பொட்டலங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ரங்கா வாசித்தாளாம், சிபாரிசும் கிடைத்ததாம். அவளும் மேல்பள்ளியில் ஒரு வருஷம்தான் படித்தாள், அதற்குள் கல்யாணம் பண்ணிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு எனக்காகப் பரிதாபப்படாதீர்கள். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த வருஷம் என் தம்பிக்குப் பெண் பார்க்கப் பாலக்கரையில் ஒரு வீட்டுக்குப் போனோம். பெண் லட்சணமாக இருந்தாள், சர்பத் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் முன்னே கருவாட்டுக் கடை வைத்திருந்தவர்கள். வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் சரி, உள்ள நுழைஞ்சா கருவாட்டு வாடை தாங்கலை" என்றேன். "கடையை மூடிப் பத்து வருஷமாச்சே, எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் என் நாத்தனார். எனக்குத் தெரிந்தது. சத்தியமாக அடித்தது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பெண் பிறகு எங்கே வாழ்ந்தாளோ தெரியாது.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. வாசனைச் சாமான் கடை போய்விட்டது. டீச்சரம்மா, அத்தா, ரங்கா ஒருத்தரும் இல்லை.

பொங்கல் கொடுத்த பெண் படியேறிப் போன பிறகு ஒரு விஷயம் தோன்றியது. கிண்ணத்தை மோந்தபோது ஒன்றுமில்லைதான். ஆனால் அவள் பச்சைக் கற்பூரம் என்று சொன்ன உடனேயே அந்த வாசனை எனக்கு வந்துவிட்டிருந்தது, மிளகுக் காரத்தோடு. பேரைக் கேட்டாலே வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். பாவம், பொய்யாக மூக்கைப் பொத்தவில்லை.

அன்று ராத்திரி சும்மா படுத்திருந்தபோது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஜவ்வாது வந்தது, மழை நனைத்த பலகை வந்தது, கருவாடுகூட வந்தது. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையுமாக அத்தாவின் சட்டையில் இருந்ததே, அதையும் கூப்பிட்டேன். அது மட்டும் வரவில்லை. எத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.