சகாயராஜ் அறுத்த கப்பல்கள்

சகாயராஜ் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர் என்பதைத் தவிர, சகாயராஜுக்கும் கப்பலுக்கும் வேறு உறவு கிடையாது.

2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானது. அப்போதுதான் வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸ் தங்கதுரை ஒரு அட்டைப்பெட்டியோடு கட்டிங் மேஜைக்கு வந்தார். உள்ளே ஒரு பழைய போர்க்கப்பலின் சிறிய உருவம், ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளாக இருந்தது. முழுதாகச் சேர்த்தால் ஓர் அடி நீளம் வரும்.

தங்கதுரையும் கோயமுத்தூர் நண்பர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்போர் விளையாடுகிறவர்கள். மேஜைதான் கடல். கப்பல்களை அளவுகோல் வைத்து நகர்த்துவார்கள்; குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அதனால் தண்ணீருக்கு மேலே தெரிகிற பகுதி மட்டும் இருந்தால் போதும். அடிப்பாகத்தோடு வைத்தால் கப்பல் சாய்ந்துவிடும்.

"ஏனுங்க மாஸ்டர், நானே ஆக்சா பிளேடுல ஒண்ணை அறுத்துப் பாத்தனுங்க. கோணலாப் போயிருச்சு. உங்க மெசின்ல ஒரே இழுப்புல வந்துருமுங்களா?"

நூறு மடிப்புத் துணியைப் பிசிறில்லாமல் வெட்டுகிற இயந்திரம் அது. சகாயராஜ் பெட்டியிலிருந்த வேண்டாத பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். சூட்டில் பிளாஸ்டிக் உருகிக் கத்தியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

"இது துணிக்கு உள்ள மெசின், சார். பெட்டிய வச்சிட்டுப் போங்க. வீட்ல வச்சு கையாலயே அறுத்துத் தாரேன்."

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சொன்னதுதான். ஆனால் வேலை பிடித்துப்போனது. கப்பல் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, அறுக்கும்போது பக்கங்கள் உள்வாங்காமல் இருக்க நடுவே குறுக்குத் துண்டுகள் வைத்தார். கப்பலை மட்டமாக நிறுத்தி, ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைக் கட்டி, கட்டையைச் சுற்றிலும் நகர்த்தித் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டார். நகை ஆசாரிகளின் மெல்லிய ரம்பத்தால் கோட்டுக்கு ஒரு நூல் அளவு கீழே அறுத்து, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் மிச்சத்தைத் தேய்த்தார். கப்பல் மேஜையில் அப்படியே படிந்து உட்கார்ந்தது.

தங்கதுரை அடுத்து இன்னும் பெரிய கப்பல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது இப்பக் கடையில கெடைக்கறதில்லீங்க மாஸ்டர். பாத்துப் பண்ணுங்க."

அதில்தான் தவறு நடந்தது. முதலில் போட்ட கோடு உயரமாக இருந்ததால் அழித்துவிட்டுக் கீழே வேறு கோடு போட்டிருந்தார். அழித்தது சரியாக அழியவில்லை. மின்வெட்டு நேரம், ஜன்னல் வெளிச்சம் மட்டும். பழைய கோட்டிலேயே அறுத்து முடித்த பிறகுதான் பார்த்தார். அரை விரல்கடை உயரம் கூடுதலாகப் போய்விட்டது. இருபது வருடத்தில் ஒரு லாட் துணிகூடத் தப்பாக வெட்டாதவர் அவர்.

தைத்த பனியன்களில் பிழை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் மனைவி ஆஷா எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கிய? தப்பா அறுத்துட்டேன்னு சொல்லிட வேண்டியதுதான?"

மறுநாள் தங்கதுரையிடம் சொன்னார். அவர் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "செரி விடுங்க. என்ன பண்றது" என்று கப்பலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் குரல் சகாயராஜைத் தூங்கவிடவில்லை. காலையில், துணிக்கான அளவு வடிவங்களை, பேட்டர்னை, வெட்டும் பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, கப்பலின் அடியை அதன்மேல் வைத்து வரைந்தார். அதே வடிவில் நான்கு தகடுகள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஓரங்களைத் தேய்த்து, சாம்பல் பெயின்ட் அடித்தார். போன உயரம் திரும்ப வந்தது. ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

தங்கதுரை தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்கு வாங்க மாஸ்டர். நாங்க மூணு பேருதானுங்க. ஒரு கை கொறையுது."

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் சகாயராஜ் போனார். மேஜையில் கடலுக்காக நீலநிறத்தில் ஒற்றைப் பின்னல் பனியன் துணி, சிங்கிள் ஜெர்சி, விரித்திருந்தார்கள். ஓரம் சுருண்டு கப்பல்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. "இன்டர்லாக் போட்டா சுருளாது" என்று அடுத்த வாரம் அவரே அந்த இரட்டைப் பின்னல் துணியில் ஒரு துண்டு கொண்டுபோனார். விதிகள் பிடிபட ஒரு மாதம் ஆனது.

2010-இல் ஆர்டர்கள் திரும்பின. ஓவர்டைம் வந்தது. அதற்குள் அவர் அறுத்துக் கொடுத்தவை இருபத்து மூன்று கப்பல்கள். கம்பெனி மும்முரத்திலும் ஞாயிறு மட்டும் விடவில்லை. அடுத்த புதுவருடத்துக்குத் தங்கதுரை ஒரு பெட்டியை அவருக்கென்றே கொடுத்தார். சகாயராஜ் இரண்டு நாளில் அதை அறுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்து மேஜையில் இறக்கினார். மூன்றாவது சுற்றிலேயே குண்டு விழுந்தது.

வீட்டில் ஆஷா கேட்டாள்: "புதுக் கப்பல் எப்படிப் போச்சு?"

"முங்கிப்போச்சு" என்றார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.