தூம்பா அறைச் சாவி

இக்னேஷியஸ் மேஸ்திரியின் இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். வீட்டுச் சாவி இல்லை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையின் சாவி. அந்தக் கொட்டகையில்தான் தூம்பா இருந்தது. கறுப்பு வண்ணம் அடித்த நீளமான மரப்பெட்டி, தோளில் தாங்க இரண்டு பக்கமும் கட்டை. அந்தக் கோயில் பங்கு மக்களில் யார் செத்தாலும் அதில் வைத்துத்தான் கல்லறைக்குத் தூக்கிப் போவார்கள். ஆளைக் குழியில் இறக்கிவிட்டுத் தூம்பா திரும்பி வந்து அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். காசு இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் அதே பெட்டிதான்.

மேஸ்திரி சும்மா மேலே வந்தவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதின்மூன்று வயதில் ஹார்பரில் நிலக்கரிக் கூடை தூக்கினார். முப்பதில் கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். நாற்பதில் அறுபது பேருக்கு மேஸ்திரி. இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் கப்பல்காரன் கை அசைத்தால் படித்தவனுக்கு முன்னால் இவருக்கு விளங்கிவிடும். அந்தச் சந்தில் முதன்முதலாக மாடி எடுத்தவரும் அவர்தான். “யாரு கைய புட்ச்சிகினும் நான் மேல வர்ல. தோ, இந்தத் தோளுதான்” என்று சட்டையை விலக்கிக் காட்டுவார். காய்ப்பு ஏறிய தோள். பார்த்தால் யாரும் பொய் என்று சொல்லமுடியாது.

சாவுக் காரியங்களைப் பார்க்கும் கோயிலின் நல்மரண சபைக்கு ஒன்பது வருஷமாக அவர்தான் தலைவர். சபைக்கு அவர் ஒரு ரூல் போட்டிருந்தார். பாஸ்கா என்கிற ஈஸ்டர் காலத்தில் கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை என்கிற நற்கருணை வாங்காதவன் அந்த வருஷம் செத்தால் தூம்பா கிடையாது, கோயில் கல்லறையில் இடமும் கிடையாது. குடித்துச் செத்த தன் சொந்த அண்ணனுக்கே அவர் கொட்டகையைத் திறக்கவில்லை. “எங்கண்ணனுக்கே குடுக்கல, தெரியுமா?” என்று சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததை மட்டும் சொல்லமாட்டார்.

பக்கத்து வீட்டின் பின்கட்டில் அருள்பிரகாசம் குடியிருந்தார். ஹார்பரில் தார்ப்பாய் தைக்கிறவர். தூம்பாவின் மேல் போர்த்தும் கறுப்புத் துணியும் அதில் உள்ள வெள்ளைச் சிலுவையும் அவர் கைத் தையல். சந்தில் ஆம்பிளை யார் செத்தாலும் குளிப்பாட்டி, தாடை கட்டி, துணி உடுத்திவிடுவதும் அவர்தான். பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு ஊற்றுவது ஜெயவேல். அவர் வியாசர்பாடிக்காரர், இந்து, ரயில் இன்ஜின் பழுது பார்க்கும் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். பதினொரு வருஷமாக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ‘தோஸ்துங்கோ’ என்று சொல்லிவிட்டுச் சந்து தன் வேலையைப் பார்த்தது.

மேஸ்திரிக்கு ஒரே மகன், ஜேக்கப். அறுபத்தாறாம் வருஷம் சரக்குப் படகிலிருந்து கடலில் விழுந்து, மூன்றாம் நாள் எண்ணூர்க் கரையில் ஒதுங்கினான். பெற்ற அப்பனால் கிட்டே போக முடியவில்லை. சந்து முனைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரே ஒதுங்கியபோது உள்ளே போனவர்கள் அருளும் ஜெயவேலும்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பையன் வெள்ளைத் துணிக்குள், பூ வாசனையோடு, தூங்குகிற பிள்ளை மாதிரி கிடந்தான்.

எழுபதாம் வருஷம் ஐப்பசி மழையில் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மேஸ்திரி தன் மாடியைத் திறந்துவிட்டார். நாற்பது பேர் படுத்தார்கள். கஞ்சி அவர் செலவு. அவர் மீசை முறுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் எழுந்த எதிர்வீட்டு ஃப்ளோரா, மூலையில் ஒரே பாயில் ஜெயவேல் நெஞ்சில் தலை வைத்து அருள் தூங்குவதைப் பார்த்தாள். ஜெயவேலின் கை அருளின் தலைமுடிக்குள் இருந்தது.

“அய்யய்யோ, இங்க வந்து பாருங்கோ! புருசன் பொண்டாட்டி கணக்கா கீறானுங்கோ!”

தண்ணீர் வடிவதற்குள் ராயபுரம் பாதிக்குத் தெரிந்துவிட்டது. ஆணோடு ஆண் குடும்பம் நடத்துகிறான் என்பதைவிட மேஸ்திரிக்கு எரிந்தது வேறொன்று. “எம்மாடியிலயா? நான் கட்ன மாடியிலயா?” அதோடு அருளிடம் பேச்சை நிறுத்தினார்.

அடுத்து வந்த ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், புதன்கிழமை, பாவசங்கீர்த்தன வரிசையில் அருள் நின்றிருந்தார். மேஸ்திரி நேராகப் போய் முழங்கையைப் பிடித்தார்.

“வெளிய வா. மொதல்ல அவன வூட்ட வுட்டு அனுப்பு. அப்பால சாமியாண்ட போய்ச் சொல்லு.”

“நான் பொய் சொன்னது, கோவப்பட்டது எல்லாம் சொல்றேன் மேஸ்திரி” என்றார் அருள் தணிந்த குரலில். “ஜெயவேலு எனக்குப் பாவம் இல்ல. பாவம்னு நான் எப்டி சொல்றது? சாமியாண்டயே பொய் சொல்லச் சொல்றியா?”

“அப்ப பாஸ்கா இல்ல. பாஸ்கா இல்லன்னா தூம்பா இல்ல. ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அது மேல போத்துற துணி நான் தெச்சது மேஸ்திரி” என்று லேசாகச் சிரித்துவிட்டு அருள் வரிசையிலிருந்து விலகிப் போனார்.

மறுநாள் பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்தது போல, அன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். முதல் நாற்காலி வழக்கம்போல மேஸ்திரிக்கு. ஆண்டவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது அன்பு செய்யச் சொல்லித்தான், அண்டை வீட்டானை விட்டுவிட்டு அன்பு செய்ய வேறு யாரும் இல்லை என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். மேஸ்திரி தலையாட்டினார். மழையில் நாற்பது பேருக்கு ஊற்றிய கஞ்சிதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. அவர் பாதத்தைச் சாமியார் துண்டால் துடைத்தபோதும் அதே ஞாபகம்தான்.

ஆவணியில் அருளுக்குக் காமாலை கண்டது. பதினேழு நாள் ஜெயவேல் வேலைக்குப் போகவில்லை. சந்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரியின் மனைவி சிலுவையம்மாள் மட்டும் பின்சுவர் வழியாகக் கஞ்சிச் சட்டியை நீட்டுவாள். மேஸ்திரி பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்.

பதினெட்டாம் நாள் காலையில், மேஸ்திரி டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில், ஜெயவேல் வாசலில் வந்து நின்றார்.

“அருளு போய்ட்டான் மேஸ்திரி.”

மேஸ்திரி பெல்ட்டை இறுக்கினார்.

“சாவி குடு. தூக்க எங்க ஷெட்டு ஆளுங்கோ வர்றாங்கோ. பெட்டி மட்டும் குடு. அந்தப் பெட்டில போவணும்னு அவனுக்கு ஆசை. எத்தினி பேர அதுல ஏத்தி அனுப்னவன்.”

“அவன் பாஸ்கா பண்ணலியே.”

“நீதான லைன்லேர்ந்து வெளிய இஸ்த?”

“நான் இஸ்தனா? அவனாத்தான் பூட்டான்.”

மேஸ்திரியின் கை தானாகச் சாவியை மூடியது. இன்னும் ஒரு தடவை கேட்கட்டும், கொடுத்துவிடலாம் என்றுதான் அவர் உள்ளே நினைத்தார். காலில் விழுந்து கேட்டவனுக்கு இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. ஜெயவேல் கேட்கவில்லை. “சரி மேஸ்திரி” என்று திரும்பிப் போய்விட்டார்.

சிலுவையம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். மகன் போன பிறகும் அவள் புருஷனை மகன் பேரை வைத்துத்தான் கூப்பிட்டாள்.

“ஜேக்கப்பு நைனா, நம்ம புள்ளய அன்னிக்கு யாரு தொட்டா?”

“ரூலுன்னா ரூலுடி. எங்கண்ணனுக்கே…”

“ஒங்கண்ணன் கதைய நிறுத்து” என்று சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்குள் போனாள்.

அன்றைக்கு ஹார்பரில் வின்ச்காரனுக்குச் சைகை காட்டும் மேஸ்திரியின் கை தப்பாக அசைந்தது. இறக்கு என்பதற்கு ஏற்று என்று காட்டிவிட்டார். முப்பது வருஷத்தில் நடக்காத தப்பு. மூட்டைகள் ஆளுக்கு மேலே ஆடி நின்றன. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார்.

கொட்டகையைத் திறந்தாயிற்று. பெட்டியை அருள் வீட்டுக்குத் தூக்க நாலு தோள் வேண்டும். டீக்கடைக்குப் போய்ச் சபை ஆட்களைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மீன் ஏலம் விடும் ஞானம் கிளாஸைக் கீழே வைத்தான்.

“எங்கப்பனுக்கு நீ தொறக்கல மேஸ்திரி. உன் காலப் புட்ச்சிகினு அழுதேன். அப்ப ரூலுன்ன. இப்ப இன்னா, மாறிப் போச்சா?”

காலில் விழுந்தவனுக்கு இல்லை என்றதில்லை என்று இத்தனை வருஷம் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கொட்டகைக்குத் திரும்பி, தூம்பாத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். பின்கட்டு வாசல் ஈரமாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை. கோயில் கல்லறையில் இடமில்லை என்றதும், வியாசர்பாடி இடுகாட்டுக்குக் கைவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள், மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தி. மேஸ்திரி பேசின் பிரிட்ஜ் வழியாக வேகமாக நடந்தார். ஓடினார் என்றும் சொல்லலாம்.

போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. சிலுவை இல்லை. ஷெட்டு ஆட்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயவேல் மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி துணியை நீட்டினார். ஜெயவேல் அதை வாங்கி, வெள்ளைச் சிலுவையின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எட்த்துகினு போ மேஸ்திரி. அட்த்த ஆளுக்கு வேணும்.”

சாயங்காலம் வீட்டில் விளக்கு ஏற்றாமல் சிலுவையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் சோப்பு வாசனை.

“யாரு குளிப்பாட்னது?”

“நான்தான். ஆம்பிளைங்க யாரும் வர்ல. ஜெயவேலு தண்ணி ஊத்துனான்.”

மேஸ்திரி சுவரில் சாய்ந்தார். அவளே மேலும் சொன்னாள்.

“தண்ணி ஊத்திக்கினே ஒண்ணு சொன்னான். அன்னிக்கு நம்ம ஜேக்கப்புக்குப் பச்சத் தண்ணி மொண்டானாம் இவன். அருளு வேணாம்னுட்டானாம். ‘மூணு நாளு குளுருல கெடந்த புள்ளடா, வெந்நி வெச்சி எட்த்தா’ன்னானாம். வெந்நி கொதிக்கிற வரிக்கும் புள்ள கையத் தேச்சி வுட்டுக்கினே இருந்தானாம். நானும் இன்னிக்கு அவனுக்கு வெந்நிதான் வெச்சேன்.”

வாசலில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் மேஸ்திரி வாய்விட்டு அழுதார்.

மறுநாள் சாவியைச் சாமியார் மேசையில் வைத்துவிட்டு வந்தார். ஜெயவேல் அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். எங்கே என்று மேஸ்திரி கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் மேஸ்திரி உயிரோடு இருந்தார். கரிக்கூடை, வின்ச், அறுபது ஆட்கள், மாடி, எல்லாவற்றையும் வழக்கம்போலப் பெருமை பேசினார். சட்டையை விலக்கித் தோளையும் காட்டினார். அண்ணன் கதையை மட்டும் யாரும் அவர் வாயிலிருந்து மறுபடி கேட்டதில்லை.