பருப்பு வாங்கினேன், பட்டு என்று வந்தது

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, நெசவாளர் சங்கத்து பாங்கில் அவர் பெயரில் இருந்த பங்கும் டெபாசிட்டும் என் பெயருக்கு மாறின. அந்தக் கையோடு எனக்கு ஒரு கிரெடிட் கார்டும் கொடுத்தார்கள். டெபாசிட் பணம் பாங்கிலேயே கிடக்கும். அதை நம்பித்தான் கார்டு. மாதம் முடிந்தால் ஆன செலவை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஏற்பாடு எல்லாம் என் மகனுடையது. அவன் தாம்பரத்தில் குடியிருக்கிறான், ஒரகடத்தில் வேலை. "கையில காசு வச்சிக்கினு தனியா இருக்காதம்மா, கார்டு இருந்தா எனக்கும் நிம்மதி" என்றான். விண்ணப்பத்தை அவனே எழுதினான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதை எழுதவும் நாள் பிடிக்கிறது, பிடிக்கட்டும். அவன் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். செல்போன் நம்பர் கேட்ட இடத்தில் அவன் தன் நம்பரைப் போட்டான். அது எனக்குத் தெரியும். சரி என்று இருந்துவிட்டேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் இருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள் என்பதும் தெரியும். காது அடைத்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் வாய் அசையும், பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும்.

பாங்கில் கார்டைக் கொடுத்தவள் சின்னப் பெண். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துதான் சொன்னாள்.

"ஆயா, இதுல கேஷ்பேக் இருக்குது. செலவு பண்ணா கொஞ்சம் திரும்பி வரும். ஆனா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வராது. மளிகை, மருந்துக்கு நூத்துக்கு மூணு ரூபா. கரண்டு பில்லு, கேஸுக்கு ரெண்டு. மத்தது எதுவா இருந்தாலும் ஒண்ணு."

"ஏன் அப்பிடி?"

"அது அப்பிடித்தான் ஆயா. மூணு அடுக்கு."

அடுக்கு என்றதும் எனக்குப் பிடிபட்டது. எங்கள் வீட்டுக்குப் புடவை நெய்த கூலி வந்ததும் அடுக்காகத்தான். உடலுக்கு ஒரு கூலி. கோர்வை போட்டுக் கரை சேர்த்தால் அதற்கு மேலே ஒன்று. முந்தானையில் ஜரிகை ஓடினால் இன்னொன்று. ஒரே புடவை, ஒரே கை, கூலி மட்டும் இடத்துக்கு இடம் வேறு. சரி, மளிகையும் மருந்தும் முந்தானை, கரண்டும் கேஸும் கரை, மிச்சமெல்லாம் உடல் என்று வைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு ஆயா. மூணு ரூபா வர்றதுக்கு மாசத்துக்கு ஒரு அளவு இருக்குது. அதைத் தாண்டினா மளிகைக்கும் ஒண்ணுதான்."

"முந்தானையை எம்மாம் நீளம் வேணா போட முடியுமா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை. நான் கல்யாணமாகி பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் வாங்குகிறேன். அப்போது அப்பா கல்லாவில் இருந்தார், இப்போது இளைய மகன். மூத்தவருக்கு அதே சுவரை ஒட்டிப் பட்டுப்புடவைக் கடை. கார்டு மிஷின் அண்ணன் கடையில்தான் இருக்கும். யாராவது கார்டை நீட்டினால் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி, "அண்ணா, மிஷினு!" என்று குரல் கொடுப்பார். அது கைமாறி வரும்.

முதல் நாள் கார்டை நீட்டி, "ரிபேட்டைக் கழிச்சுக்கினு போடுப்பா" என்றேன். எங்கள் ஊரில் ரிபேட் என்றால் பில்லிலேயே கழிப்பதுதான். பண்டிகை வந்தால் சங்கத்துக் கடையில் அப்படித்தான் கழிப்பார்கள்.

"என்னா ரிபேட்டும்மா?"

"நூத்துக்கு மூணு. சங்கத்து கார்டு."

"பட்டுக்கு ரிபேட்டு பாத்திருக்கேன். பருப்புக்கு எந்த கவருமெண்டும்மா ரிபேட்டு குடுத்துச்சு?"

பக்கத்தில் எண்ணெய் வாங்க நின்ற ஒருத்தி, "குடுத்தா எனக்கும் சேத்து வாங்கிக்குடுங்கம்மா" என்றாள்.

"அது பின்னால உங்க கணக்குல வந்து விழும். என் கல்லாவுல கை வைக்காதீங்க" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு ஒத்துவராது. அதற்கப்புறம் ரிபேட் பேச்சை எடுக்கவில்லை.

கடைக்குத் தினமும் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்துவிடுகிறேன், விளக்கு வைக்கிற நேரம் கூடத் தெரிவதில்லை. கடைக்கு என்றால் முகம் கழுவ வேண்டும், புடவையைச் சரிசெய்ய வேண்டும், நாலு பேர் எதிரில் நடக்க வேண்டும். வாங்கினதும் புதிதாக ஒன்றுமில்லை. எப்போதும் வாங்குவதை, எப்போதும் வாங்குகிற அளவில் வாங்கினேன்.

இப்படியே சில மாதம் ஓடியது. ஒரு நாள் மார்க்கெட்டில் என் சம்பந்தியைப் பார்த்தேன். மருமகளின் அம்மா. சின்ன காஞ்சிபுரத்துக்காரி. பேச்சு எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும்.

"என்னா சம்பந்திம்மா, தவணையில பட்டு எடுத்துக்கினு இருக்கீங்களாமே."

"யாரு?"

"நீங்கதான். பட்டுக்கடைக்கு தினம் காசு போவுதாம். மாப்பிள்ளை போனுக்கு மெசேஜு வந்துக்கினே இருக்குதாம், எம் பொண்ணு சொல்லிச்சு. எம் பொண்ணுக்குத்தான் எடுக்கறீங்களோன்னு பாத்தேன். அதுக்கு ஒண்ணும் வந்து சேரலியே."

நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பூ வைக்காத நேரத்துல பட்டு என்னாத்துக்குன்னு கேக்கறவங்க கேப்பாங்க. நான் கேக்கல" என்றாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னதில் எந்தச் சொல்லுக்குக் கோபப்படுவது என்று தேடிப் பிடிப்பதற்குள் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. "கத்தரிக்கா முத்தல்" என்றேன். கூடையில் திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். காப்பி குடித்தான். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"ம்மா, ஆசையா இருந்தா எடுத்துக்கோ. நான் தப்பு சொல்லல. ஆனா எங்கிட்ட சொல்லிட்டு எடு."

"என்னத்தை எடுத்தேன்?"

போனைத் திருப்பிக் காட்டினான். "இது பட்டுக்கடை. நேத்து பட்டுக்கடை. முந்தாநேத்தும். யாரோ உன்னை தவணையில மாட்டி வச்சிருக்கறாங்க. கார்டை எங்கிட்ட குடு. உனக்கு வேணும்ன்ற சாமானை நான் போன்லயே போட்டு வூட்டுக்கு அனுப்பறேன்."

கார்டைக் கொடுத்தால் கடைக்குப் போக வேண்டியதில்லை. கடைக்குப் போகாவிட்டால் வாசலைத் தாண்ட எனக்கு வேறு வேலை இல்லை. இன்னும் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் கூலிப் பணம் என் கைக்குத்தான் வரும். இன்னது வாங்கட்டுமா என்று நான் அவரைக் கேட்டதில்லை, அவரும் கேட்கச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையிடம் சொல்லிட்டு எடு என்பதை இந்த வயதில் கேட்டுக்கொண்டேன். அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

பீரோவைத் திறந்து பார் என்று சொல்லியிருக்கலாம். என் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, புதுசு இல்லை பார் என்று காட்டுவதா. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றேன்.

மளிகைக்கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்டேன். நிறுத்துக் கட்டினார்கள். கார்டை நீட்டினேன். "அண்ணா, மிஷினு!" என்று குரல் போனது. மிஷின் வந்தது. கார்டை வைத்து எடுத்தார். மகன் சட்டைப்பையில் போன் கத்தியது.

எடுத்துப் பார்த்தான். பக்கத்துக் கடை போர்டைப் பார்த்தான். என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ம்மா, நீ பருப்பு வாங்கினா பட்டுன்னு வருதும்மா!"

"மிஷினு அண்ணன் கடை பேர்ல பாங்கு குடுத்தது, தம்பி" என்றார் கடைக்காரர் என் மகனிடம். "நான் தனியா வாங்கல. அதுக்கு மாசம் வாடகை கேக்கறாங்க."

"உங்களால எங்கம்மா பட்டு எடுத்துக்கினே இருக்கறாங்கன்னு சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் பேச்சு."

"பேசட்டும் விடுங்க. அண்ணனுக்கு செலவில்லாம வெளம்பரம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. நின்றிருந்தேன்.

திரும்பி வரும்போது மகன் விளக்கினான். மிஷின் எந்த வியாபாரம் என்று பாங்கில் பதிந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் அடுக்குப் பிரிப்பார்களாம். இத்தனை மாதமும் என் பருப்புக்கும் உப்புக்கும் மூன்று வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்திருக்கிறது.

"நான் வாங்கினதை பாக்க மாட்டாங்களா?"

"பையைத் தொறந்தாம்மா பாப்பாங்க? பணம் எந்தக் கடைக்குப் போச்சுன்றதுதான் அவங்களுக்குத் தெரியும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. சங்கத்தில் புடவையைப் பிரிக்காமல் கூலி போட்டு நான் பார்த்ததில்லை. எடை போடுவார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள், கரை சேர்ந்த இடத்தை விரலால் தடவுவார்கள், பிறகுதான் பேனாவை எடுப்பார்கள். கார்டையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து அப்படிப் பார்க்கிறார் என்று இருந்துவிட்டேன். இந்த அம்மாள் பருப்புதான் வாங்கியிருக்கிறாள் என்று அவருக்காவது தெரியும் என்று.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். டப்பாக்கள் நிறைந்து, கீழே பொட்டலங்களாக இருந்தன. பிரிக்காத பொட்டலங்கள்.

"ஒரு ஆளுக்கா இவ்ளோ?" என்றான். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தான். வறுகடலை. "நீ கடலை திங்க மாட்டியேம்மா."

தறியில் இருந்தபடியே அவன் அப்பா கொறிப்பார். அது அவனுக்கும் தெரியும். அவன் பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "பட்டு இல்லன்னு ஆயிடுச்சு, சரி. ஆனாலும் கார்டு எங்கிட்டயே இருக்கட்டும்மா" என்றான். இந்த முறை குரல் இன்னும் தணிவாக இருந்தது. அதுதான் ஆகவில்லை எனக்கு.

"குடுக்க முடியாது."

"ஏம்மா?"

"முடியாதுன்னா முடியாது. சாப்பிட வா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மறுநாள் சங்கத்து பாங்குக்குப் போனேன். அதே பெண். விவரம் சொன்னேன். அவளும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு.

"பழசுக்கு ஒண்ணும் பண்ண முடியாது ஆயா. கடைக்காரரு மளிகைன்னு பதிஞ்ச மிஷினு வாங்கினா மூணு வரும். இல்லன்னா பஸ் ஸ்டாண்டாண்ட பெரிய கடைங்க இருக்குது, அங்க வாங்குங்க."

"போவ வர ஆட்டோவுக்கு யாரு குடுப்பா, நீயா?"

"அப்ப ஒண்ணே போதுமா?"

"போதும்" என்றேன். "நான் அதுக்கு வரல. மெசேஜு போற நம்பரை மாத்தணும். என் நம்பருக்கு வரட்டும்."

தயங்கினாள். "பையன் நம்பரே இருக்கட்டுமே ஆயா. உங்களுக்குப் படிக்க..."

"தமிழ்ல வருமா?"

"கேட்டா வரும்."

"கேக்கறேன்."

ஒரு தாளைக் கொடுத்தாள். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் மகன் போன் செய்தான். மூச்சு வாங்கியது.

"ம்மா, எங்க இருக்க? கடைக்குப் போவலியா? மெசேஜே வரலியே!"

"எனக்கு வருது."

"உனக்கா?"

"நம்பரை மாத்திட்டேன்."

மூச்சு ஆறினதும் சொன்னான், "மெசேஜு வந்தா நீ எழுந்து நடமாடறேன்னு தெரிஞ்சிக்குவேன்மா. அதுக்குத்தான் பாத்துக்கினு இருந்தேன். கணக்கு பாக்கறதுக்கு இல்ல."

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நடமாடறேனான்னு தெரியணும்னா எனக்குப் போன் பண்ணு" என்றேன். "பட்டுக்கடைக்காரனைக் கேக்காத."

"சரிம்மா" என்றான்.

இப்போது முக்கால்வாசி நாள் வேலை விட்டு வரும்போது கூப்பிடுகிறான். "இன்னிக்கு என்னா பட்டும்மா எடுத்த?" என்று கேட்பான். சில நாள் சொல்வேன். சில நாள் சொல்ல மாட்டேன்.