குடையால் குறிபார்த்தவர்

பர் துபாயில் கணக்கராக இருக்கும் சேதுமாதவனுக்குத் துப்பாக்கி சுடும் கிளப் என்றால் உயிர். தோட்டா விலைதான் கட்டுப்படியாகவில்லை. சுட்டுப்போட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளிலேயே மறுபடி மருந்து நிரப்பிக் குறைந்த விலைக்குத் தருவீர்களா என்று கிளப்பில் கேட்டார். "மாஃபி", அதெல்லாம் இல்லை என்று அரபியில் கையை விரித்துவிட்டார்கள். அப்படியானால் தானே கற்றுக்கொண்டு வீட்டிலேயே நிரப்பலாமா என்று மனைவி நீலாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல வெடிமருந்தா? போலீஸ் வந்தா காபி நீங்க போட்டுக் குடுப்பீங்களா?"

அத்தோடு அந்தத் திட்டமும் முடிந்தது, ஆசை முடியவில்லை. சனிக்கிழமை, கிளப்புக்குப் போகும் நேரத்தில், அங்கே போட்டுப்போகும் தொப்பியோடு பால்கனியில் நின்றார். எதிர்க் கம்பியில் ஒரு புறா. குடையைத் தோளில் பொருத்தி, மூச்சை அடக்கிக் குறிபார்த்தார்.

"புறா பறந்து எவ்வளவு நேரமாச்சு! குடைய இறக்குங்க," என்றாள் நீலா.

"இரு நீலா, இன்னும் கொஞ்ச நேரம்."