மடுவத்தில் கூடிய இரண்டு கிலோ

கம்சலாவை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் ஹாலிஎல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், இது ஹாலிஎலதானே என்று கண்டக்டரிடம் ஒரு தடவை, பக்கத்து ஸீட்காரரிடம் ஒரு தடவை கேட்பாள். பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தாலும் கேட்பாள். இந்தக் குணம் அவளாகத் தேடிக்கொண்டதில்லை. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அவள் அம்மா பூவம்மாவுக்கும் எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் சாப்பாடு இறங்கும். மகள் ஓ.எல். பரீட்சையில் பாஸ் என்று டீச்சர் தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்து சொன்னபோது, அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, குடித்து முடித்ததும் “நெசமாவா டீச்சர்?” என்று மறுபடி கேட்டவள் அவள்.

பூவம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வாழ்நாள் முழுக்க நின்றவள். அங்கே கணக்கப்பிள்ளை சாக்கின் எடைக்கென்று கழிப்பார், மழை பெய்தால் தண்ணீருக்கென்று கழிப்பார், மிச்சம்தான் பேருக்கு வரும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு, நோர்ம் என்பார்கள். அதற்குக் குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். முள் தராசு இருந்த காலத்தில் முள்ளையே முறைத்துக்கொண்டு நின்ற பெண்கள், கம்ப்யூட்டர் தராசு வந்த பிறகு திரையை முறைத்தார்கள். முள்ளாவது ஆடியது, திரையில் இலக்கம் மட்டும்தான் வந்தது.

அந்தத் திரைக்குப் பின்னால் ஓடிய மென்பொருள் பதுளையில் ஒரு சின்னக் கம்பெனியில் எழுதப்பட்டது. அந்தக் கம்பெனியில்தான் கம்சலாவுக்கு வேலை. முதலாளி செல்வரத்தினம், எப்போதோ யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியாராக வந்து, வேலையை விட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்கியவர். மென்பொருளை எழுதிய இந்திரஜித் வெளிநாடு போய்விட்டான். ஊவா மாகாணம் முழுக்கப் பல தோட்டங்களில் அது பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை வைத்து, அதில் லினக்ஸில் ஓடும்படி மென்பொருளை மாற்ற வேண்டும். முதலில் பூவம்மாவின் தோட்டத்து மடுவத்தில் வைத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் மற்றத் தோட்டங்களுக்கு. வேலை கம்சலாவின் தலையில் விழுந்தது.

“ஒண்டையும் மாத்த வேண்டாம் பிள்ளை. ஓடினால் காணும்,” என்றார் செல்வரத்தினம்.

இப்படிச் சொன்னாலே கம்சலாவுக்கு அரிக்கும். ஏன் மாற்ற வேண்டாம் என்கிறார்?

மென்பொருளில் அதிகம் கை வைக்கத் தேவைப்படவில்லை. கை வைக்க வேண்டியது பில்ட் ஃபைலில். சமையலுக்கு எந்தச் சாமானை எந்த அளவில் போடுவது என்று சொல்லிக் கொடுப்பதுபோல, எந்தத் துண்டை எதனோடு சேர்ப்பது, எந்த இயந்திரத்துக்கு என்ன அளவு வைப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கோப்பு அது. இந்திரஜித்தின் பில்ட் ஃபைல் குப்பைக் கூடை. விண்டோஸ் என்றால் இது, இல்லையென்றால் அது என்று பக்கம் பக்கமாகப் போனது. அந்தக் குப்பையை நம்பாமல், கம்சலா லினக்ஸுக்கென்று புதிதாக ஒன்று எழுதினாள். தனக்கு விளங்கியதை மட்டும் சேர்த்தாள். விண்டோஸ் பகுதியை வாசிக்கவேயில்லை. புதுப் பெட்டியில் விண்டோஸே இல்லாதபோது அதை எதற்கு வாசிப்பது? சந்தேகப் பேர்வழியும் சறுக்குகிற இடம் இதுதான்.

பெட்டியை வைத்த அன்று சாயங்காலமே அம்மா போன் பண்ணினாள்.

“ஏன்டி, தராசுல என்னா பண்ணுன? எல்லாருக்கும் ரெண்டு கிலோ கூடக் காட்டுது.”

வேறு ஊராயிருந்தால் எடை கூடியதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மடுவத்தில் ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லையாம். கம்சலா தன் மென்பொருளில்தான் பிழை என்று நினைத்தாள். மறுநாள் காலையே போய்த் தொழிற்சாலையின் முத்திரைப் படிக்கல்லை வைத்து நிறுத்துப் பார்த்தாள். புதுப் பெட்டி சொன்ன எடை அச்சொட்டாகச் சரியாக இருந்தது.

அப்படியானால் பழையது?

பதுளைக்குத் திரும்பி வந்து, வாசிக்காமல் விட்ட விண்டோஸ் பகுதியைத் திறந்தாள். நடுவில் ஒரு வரி கிடந்தது. ட்ரிம், அதாவது சீர்செய்தல், என்று அப்பாவிப் பெயர் வைத்து, அதற்கு இரண்டு என்று அளவு கொடுத்திருந்தது. மென்பொருள் ஒவ்வொரு நிறுவையிலும் அந்த அளவைச் சத்தமில்லாமல் கழித்தது. அளவு கொடுக்காவிட்டால் ஒன்றையும் கழிக்காது. கம்சலாவின் பில்ட் ஃபைல் கொடுக்கவில்லை, அதனால் கழிக்கவில்லை. சாக்குக்கும் தண்ணீருக்கும் கணக்கப்பிள்ளை தனியாகக் கழித்த பிறகு நடந்த கழிப்பு இது. அம்மா முறைத்துக்கொண்டு நின்ற திரை இத்தனை வருஷம் அம்மாவிடமே திருடியிருக்கிறது. அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

இந்திரஜித்தை வெளிநாட்டு நம்பரில் பிடித்தாள். ஸார் சொன்னார், போட்டேன் என்றான். செல்வரத்தினத்திடம் கேட்டாள். தோட்டத்துப் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள், யார் என்று ஞாபகமில்லை என்றார். பழைய கம்ப்யூட்டர் எங்கே என்றாள். பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று. அவ்வளவு அவசரமாக ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது. மற்றத் தோட்டத்துக் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்க அந்தத் தோட்டக்காரர்கள் விடமாட்டார்கள்.

தோட்டத்தை நடத்தும் துரையிடமும் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த வரியை நீங்களே போட்டுவிட்டுப் பழி சொல்லலாம் அல்லவா என்று மரியாதையாகக் கேட்டார். உங்கள் அம்மா இங்கேதானே வேலை செய்கிறார் என்றும் விசாரித்தார். கம்சலா விடவில்லை. பெட்டி மாறுவதற்கு முந்திய எடையையும் பிந்திய எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஆளுக்கு இரண்டு கிலோ கூடியிருக்கும், அதுதான் சாட்சி என்றாள். துரை எடைக் கணக்கை வரவழைத்துப் பார்த்தார். முதல் நாள் மட்டும் கூடியிருந்தது. பிறகு எல்லாம் பழையபடி. ஒரு கிலோகூட வித்தியாசமில்லை.

செல்வரத்தினத்துக்கு வசதியாகப் போயிற்று. வித்தியாசமே இல்லையென்றால் அந்த வரியைத் திரும்பப் போடுவதில் என்ன நட்டம், திங்கட்கிழமையே போட்டு மற்றத் தோட்டங்களுக்கும் தயார் பண்ணுங்கோ என்றார். அது போனால் ஊவாவின் மடுவம் எல்லாவற்றிலும் அந்த இரண்டு கிலோ இன்னும் பல வருஷத்துக்கு உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று லயத்துக்குப் போனாள். அம்மா லயத்துக் காம்பராவுக்குள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எடை ஏன் மறுபடி இறங்கியது என்று கேட்டதும் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நாங்கதான் கொறச்சு எடுக்குறோம்.”

அவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். தராசு திடீரென்று நல்லவனானால் அதில் ஏதோ சூது இருக்கிறது. எடை கூடக் கூட நோர்மைக் கூட்டுவார்கள், ஏறினால் இறங்காது. ஆகையால் பழைய எடைக்கு மேலே ஒருத்தியும் போகக்கூடாது. இரண்டாம் நாளிலிருந்து எல்லாரும் அந்த இரண்டு கிலோவைச் செடியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

கம்சலாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. அவள் தேடிய சாட்சியை அவர்களே செடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நடந்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னாள். ஒரே ஒரு நாள் வழக்கம்போல முழுசாக எடுத்துக்கொண்டு வாருங்கள், அந்தத் திருட்டைக் காட்டிவிடலாம் என்றாள்.

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதக் கேக்கச் சொல்லி ஒன்ன யாரு அனுப்புனா?”

“யாரும் அனுப்பலம்மா.”

“நெசமாவா?”

தான் கண்டக்டரைக் கேட்பதுபோல அம்மா தன்னைக் கேட்கிறாள். பதுளைக்குப் போய், கம்பெனியில் ஸீட் பிடித்து, தான் எந்தப் பக்கத்து ஆளாக அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிறோம் என்று கம்சலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ரொட்டியைப் பிய்த்தாள், சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் செல்வரத்தினம் சொன்னபடியே அந்த வரியைத் தன் பில்ட் ஃபைலில் போட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். வரி இருந்தது, அதில் இரண்டும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். மென்பொருளுக்குள் அவள் இன்னொன்றும் சேர்த்திருந்தாள். அதை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். அன்று மத்தியானமே மடுவத்துப் பெட்டியில் அதை ஏற்றிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் நிறுவை நேரத்தில் போன் அடித்தது.

“கம்சலா, பேருக்குக் கீழ ‘மெசின் கழிவு ரெண்டு கிலோ’ன்னு பெரிசா வருது. எல்லாருக்கும் வருது. கணக்கப்புள்ள முழிக்கிறாரு.”

“அது முந்தியே இருந்ததும்மா. இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது.”

போனில் அம்மாவுக்குப் பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. யாரும் தராசிலிருந்து சாக்கை இறக்கவில்லையாம், துரை வந்து பதில் சொன்னால்தான் இறக்குவார்களாம்.

“இத எழுதிப் போட்டது யாரு?”

“நாந்தாம்மா.”

கம்சலா அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். கம்பெனி கொடுத்த போனில் செல்வரத்தினத்தின் அழைப்பு வந்து வந்து நின்றது.

“சரி,” என்றாள் அம்மா. மறுபடி கேட்காமல் போனை வைத்துவிட்டு, தராசுப் பக்கம் போனாள்.