மாமனுக்காகக் காத்திருந்த காது

2008-இல், ஹைதராபாத் விமான நிலையம் பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு மாறிய சில மாதங்களில் நடந்தது இது. எனக்குக் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அக்கா குடும்பம் தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில். ஆவணியில் அக்கா மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

“முந்தின நாளே வந்துருடா” என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து ஆபீசில் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

“கோயமுத்தூருக்கு பிளைட்ல ஒன்றரை மணி நேரந்தானக்கா. காலைல ஏறுனா முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்து நிப்பேன்” என்றேன்.

இத்தனைக்கும் எந்த வேலை எப்போது முடியும் என்று கணக்குச் சொல்வதுதான் என் பிழைப்பே. வெள்ளைக்காரன் கேட்டால் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் சொல்லுவேன். அக்காவுக்கு மட்டும் வானத்தில் பறக்கிற நேரத்தைச் சொன்னேன். என் வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரை எவ்வளவு ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

காதுகுத்து அன்று காலையில் ஹைதராபாத்தில் நல்ல மழை. ஏர்போர்ட்டுக்குப் போகிற புது ரிங் ரோடு அப்போது திறக்கவில்லை. “டென்ஷன் நக்கோ லோ சாப்”, கவலைப்படாதீர்கள் என்று டாக்சி டிரைவர் தைரியம் சொன்னார், வண்டிதான் நகரவில்லை. எப்படியோ கடைசி ஆளாக விமானத்தில் ஏறினால், மழை விடட்டும் என்று அதுவும் தரையிலேயே நின்றது. கோவையில் இறங்கி டாக்சி பிடித்துப் பல்லடம் தாண்டும்போதே முகூர்த்தம் முடிந்துவிட்டது. அக்கா போனை எடுக்கவில்லை. வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்தியிருப்பார்கள் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கோயிலில் பந்தி முடியப் போகிற நேரம். “பிளைட்டு மாமன் வந்துட்டாருங்கோ!” என்று யாரோ கிண்டலடிக்க, எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. வலது காதில் தோடு, இடது காது வெறுமையாக இருந்தது. வேப்பமரத்தடியில் காது குத்துகிற ஆசாரி இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“முகூர்த்தம் தவறக்கூடாதுன்னு மாமனாரு சொன்னாரு. செரின்னு பெரியப்பா பையன் மடியில வெச்சு ஒரு காது குத்தியாச்சு. இன்னொன்னு என் தம்பி மடியிலதான்னு சொல்லிப்போட்டேன்” என்றாள் அக்கா. அக்காவின் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பிக்காகச் சடங்கையே பாதியில் நிறுத்திவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் அவளைக் குறை பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. “உக்காருடா, பாவம், ஆசாரி இன்னும் சாப்புடுல” என்றாள்.

ஒருமுறை வலி கண்ட குழந்தை, என் மடியில் துள்ளிய துள்ளலில் இடது துளை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. குழந்தையோடு சேர்ந்து நானும் அழுதேன்.

இன்றும் அவள் தோடு போட்டால் ஒன்று சற்றுத் தாழ்வாகத்தான் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன தூரத்துக்காக அக்கா அத்தனை பேரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நின்ற நேரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.