மூன்று பேருக்கு இடம் பிடித்தவள்

வேலையை விட்டுவிட்டேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் புட்டுக்குற்றியில் தேங்காய்ப்பூ போட்டுக்கொண்டிருந்தார். பதினேழு வருஷமாகக் காலைப் புட்டு அவருடைய பொறுப்பு. நான் ஆறரைக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்கிவிடுவதால் அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. குற்றியை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நீ கம்பெனிய விட்டியா, கம்பெனி உன்ன விட்டுச்சா?"

"நான்தான் விட்டேன்."

"அப்போ கம்பெனிக்கு விஷயம் தெரியுமா?"

அவருக்கு எங்கள் ஊரான பாறசாலையில், கேரள எல்லையோரம், ஜெராக்ஸ் கடை. ஒன்றைப் பத்தாக எடுத்துக் கொடுத்தே பழகியவர் என்பதால் ஒரு கிண்டலை ஒரு தடவையோடு விட மாட்டார். அன்று சாயங்காலத்துக்குள் இதே கேள்வியை என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டார்.

என் வேலை திருவனந்தபுரத்தில், மிக்சியும் கிரைண்டரும் விற்கிற ஒரு கம்பெனியில். தமிழ்நாட்டுப் பக்கத்துப் புகார்களெல்லாம் என் போனுக்கு வரும். எல்லைக்காரிக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதுதான் என் தகுதி. தமிழில் வருகிற கோபத்தைக் கேட்டு, மலையாளத்தில் மேனேஜரிடம் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். மூன்று பாஷை தாண்டுவதற்குள் எப்பேர்ப்பட்ட கோபமும் ஆறிப்போகும். மேலே போன கடிதங்களை யாராவது படித்தார்களா என்பது கடைசி வரை எனக்குத் தெரியாது.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் திங்கட்கிழமை தோறும் கூப்பிடுவார். கிரைண்டர் சுற்றவில்லை என்பார். இரண்டு நாளில் ஆள் வரும் என்று நான் சொல்வேன். நாலு மாதம் அவரும் சலிக்கவில்லை, நானும் சலிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, "நானே பெல்ட் வாங்கி மாட்டிட்டேம்மா, ஓடுது. நீங்க இனிமே கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். அன்று மதியம் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன் மணி அடித்தால் 'இரண்டு நாளில் ஆள் வரும்' என்று வாய் தானாகச் சொல்வது முன்பே உண்டு. அந்த வாரத்தில் பள்ளிக்கூட மணிக்கும் சர்ச்சு மணிக்கும் கூடச் சொல்ல ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ன என்று மேனேஜர் கேட்டார். நிம்மதி வேண்டும் என்றேன். அதற்கு லீவு போட்டால் போதாதா என்றார்.

ஒரு மாதம் கழித்து விடுவித்தார்கள். இனி காலைகள் என்னுடையவை, எட்டு மணி வரை அசையாமல் கிடப்பேன் என்று வீட்டிலும் சர்ச்சிலும் பறைசாற்றியிருந்தேன். மறுநாள் காலை திருவனந்தபுரம் போகிற ஆறு ஐம்பது ரயில் வண்டியில் நான் ஏறினேன்.

கேட்பவர்களுக்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். மூன்று மாத சீசன் டிக்கெட்டில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது, அதை வீணாக்குவானேன்? உண்மையான காரணம் வேறு. அந்த வண்டியில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அதிலிருந்து ராஜினாமா செய்ய நான் மறந்துபோனேன்.

வண்டி குழித்துறையிலேயே பாதி நிறைந்து வரும். பாறசாலையில் ஏறுகிறவள் ஓடினால் இடம் கிடைக்கும். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே நான் ஓடுவேன். முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் நான் உட்கார்ந்து, பக்கத்தில் குடை, எதிரே கைக்குட்டை, அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பை என்று பரப்பி வைப்பேன். குடை தனுவச்சபுரத்துக்காரிக்கு, அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கைக்குட்டை அமரவிளை நர்சுக்கு. பை நெய்யாற்றின்கரையில் ஏறுகிற டீச்சருக்கு. இந்த மூன்று இடத்துக்காக நான் போடாத சண்டை இல்லை. ஒரு தடவை ஒரு போலீஸ்காரரையே எழுப்பிவிட்டிருக்கிறேன். ஆள் மப்டியில் இருந்தார், எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுப்பியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

இந்த வேலையையும் நான் விட்டால் இவர்கள் நின்றுகொண்டு போவார்களே? நர்சுக்கு முழங்கால் வலி. டீச்சருக்கு நின்றால் தலை சுற்றும். இப்படி யோசித்தபடியே தினமும் ஏறினேன். நெய்யாற்றின்கரையில் டீச்சரை உட்கார வைத்துவிட்டு நான் இறங்கிக்கொள்வேன். இதைப் பற்றி மூவரும் ஒன்றும் கேட்டதில்லை. இறங்கிய பிறகுதான் கஷ்டம். காலை ஏழரை மணிக்கு வேலையில்லாத ஒருத்தி அங்கே என்ன செய்வது? சந்தைக்குப் போவேன். வெறுங்கையோடு வரக்கூடாதே என்று ஏதாவது வாங்குவேன். பஸ் பிடித்து வீடு சேரும்போது ஒன்பதரை ஆகிவிடும்.

மூன்றாவது வாரம் எங்கள் அடுக்களையில் ஐந்து பூசணி, இரண்டு குலை ஏத்தன் வாழைக்காய், கட்டிலுக்கு அடியில் சேனை. வீட்டுக்காரர் சேனையைத் தாண்டி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"வேலைய விட்டாச்சு. ரயில எப்பம் விடுவ?"

"சீசன் தீரட்டும்."

"நிம்மதி வேணும்னு சொன்னியே, அது நெய்யாற்றின்கரை சந்தையிலயா விக்குது?"

"அவங்க நிப்பாங்க. பாவம்லா?"

"நீ எடம் பிடிக்காட்டா, நிக்க எடமில்லாமப் போறது அவங்களுக்கா, உனக்கா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு நாள் அவருக்குப் பூசணிக் கூட்டு மட்டும்தான் வைத்தேன். சரியான இடத்தில் குத்தினால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பெனியில் எனக்குப் பதில் ஆள் போடவே இல்லை என்று அந்த வாரம்தான் கேள்விப்பட்டிருந்தேன். தமிழ்ப் புகார்களுக்கு ஒரு பதிவு செய்த குரல் போதும் என்று முடிவு செய்துவிட்டார்களாம். என் பதினேழு வருஷத்துக்கு ஈடாக அந்தக் குரலே போதும் என்றால், யாராவது ஒருவருக்காவது நான் இல்லாமல் முடியாது என்று இருக்க வேண்டாமா? அந்த மூன்று இருக்கைகளையும் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டது அதனால்தான். கையில் கிடைத்த காலைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வண்டியில் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஒரு புதன்கிழமை, என்னை ஸ்டேஷனில் கொண்டுவிடுகிற வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. உதைத்து உதைத்து அது கிளம்பி, நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் பதறிப்போய்த் தனுவச்சபுரத்துக்காரிக்குப் போன் போட்டேன்.

"மக்கா, நான் ஏறல்ல. வண்டி அங்க வந்த உடனே ஓடிப்போய் மூணாவது பெட்டியில ஏறு. டீச்சருக்கு ஒரு எடமாவது பிடி."

"சாரமில்ல அக்கா, பரவாயில்ல, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. மூவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நர்சு எதிர் இருக்கையில் காலை நீட்டியிருக்கிறாள். டீச்சர் மடியில் இலையை விரித்து இடியாப்பம் சாப்பிடுகிறாள். பின்னால் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்குக் காலி இடம். உடனே தனுவச்சபுரத்துக்காரியைக் கூப்பிட்டேன்.

"இது எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான் அக்கா. பின்னாடி ரெண்டு பெட்டி கூடுதலா போட்டாங்கல்லா, அதுல இருக்கோம்."

"அது எப்பம்?"

"ரெண்டு வருஷமாட்டு உண்டு அக்கா. அங்க எப்பவும் எடம் கிடைக்கும்."

பின்னால் பெட்டி சேர்த்ததை நானும் பார்த்திருந்தேன். அது நம்முடைய பெட்டி இல்லை என்று அத்தோடு அந்த விஷயத்தை முடித்துவிட்டேன். மூன்றாவது பெட்டியைத் தவிர எதுவும் வண்டியே இல்லை என்பது என் எண்ணம்.

"பின்ன ரெண்டு வருஷமாட்டு என்னத்துக்கு எனக்க கூட வந்து நெருங்கி இருந்திய?"

போன் கை மாறியது. நர்சு பேசினாள். "நீங்க ஓடி ஏறி, மூச்சு வாங்கிக்கிட்டு, ஆளுகளுக்க கூட சண்டை போட்டு எடம் பிடிச்சு வச்சிருப்பிய. அத விட்டுட்டுப் பின்னாடி போய் இருக்க எங்களுக்கு மனசு வரல்ல. நீங்களா நிறுத்துவியன்னு பாத்தோம். வேலைய விட்ட பிறகும் வாறியளே. உங்ககிட்ட யாரு சொல்லுவா?"

பின்னால் டீச்சர், "அந்தக் குடைய ஒரு நாள் ஒளிச்சு வைக்கலாம்னு நான் சொன்னேன்லா" என்பது கேட்டது. மூவரும் சிரித்தார்கள்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. நான் அவர்களைச் சுமக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அவர்கள்தான், முழங்கால் வலியோடும் தலைசுற்றலோடும், என்னைச் சுமந்திருக்கிறார்கள்.

"நாளைக்கும் பின்னாடியே இருங்க. நான் வரல்ல" என்றேன்.

வரல்ல என்பது பதினேழு வருஷத்தில் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை. "செரி அக்கா" என்றாள் நர்சு. இவ்வளவு சுலபமாகவா என்று இருந்தது.

மறுநாள் ஆறு ஐம்பதுக்கு வண்டி கூவியபோது நான் முழித்துத்தான் கிடந்தேன். கால்கள் இரண்டும் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தன.

"பேசாம கிடங்க" என்றேன்.

அடுக்களையிலிருந்து அவர் கேட்டார். "யாருகிட்ட பேசுத?"

"எனக்க காலுகிட்டயாக்கும்."

"கேக்குதா?"

வண்டியின் சத்தம் தனுவச்சபுரம் பக்கம் போய்த் தேய்ந்தது. நான் காலை நீட்டிப் பார்த்தேன்.

"கேக்குது" என்றேன்.